ஞானம் அடைந்ததாக ஒருவர் அறிவித்தபோது: ஒரு தியானக் குழுவின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது ஒரு சிறிய தியானக் குழுவில் நடந்தது. வாரம் ஒரு மாலை கூடுவோம். ஒரு மணி நேரம் மௌனமாக உட்கார்ந்துவிட்டு, ஏதாவது ஒரு நூலிலிருந்து சில பக்கங்கள் வாசித்துப் பேசுவோம். குழுவுக்கென்று குரு கிடையாது. கூட்டத்தை நடத்தும் பொறுப்பு மூன்று ஒருங்கிணைப்பாளர்களிடம் இருந்தது. அவர்களில் நானும் ஒருவன். பணியிலிருந்து ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் இன்னொருவர். எல்லோருக்கும் அவர் அக்கா.

சம்பந்தப்பட்டவர்களின் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். இதில் வரும் இளம்பெண் எழுதியதைப் படித்துப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகே இது வெளியே வருகிறது.

இந்த ஆய்வின் மையத்தில் இருப்பவரை 'மூத்தவர்' என்று குறிப்பிடுகிறேன். குழுவில் நீண்ட காலம் இருந்தவர், பொறுமைசாலி, நன்றாகப் படித்தவர். யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதலில் போய் நிற்பவர். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஞானம் அடைந்ததாகச் சொல்பவர்கள் என்றாலே ஏமாற்றுக்காரர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். இவர் யாரையும் ஏமாற்ற நினைத்தவர் இல்லை. அதுதான் விஷயத்தைக் கடினமாக்கியது.

இது தொடங்குவதற்கு முந்தைய ஆண்டில் அவருடைய தம்பி இறந்துபோனார். வேலையிலும் நெருக்கடி. அந்தச் சமயத்தில்தான் நீண்டதொரு மௌனப் பயிற்சி முகாமுக்குப் போனார். அங்கே தூக்கத்தைத் தானாகவே மிகவும் குறைத்துக்கொண்டிருக்கிறார். கடைசி நாட்களில் 'நான்' என்ற உணர்வு கழன்று விழுந்ததாகவும், கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒளி நிறைந்திருந்ததாகவும், காரணமில்லாத ஆனந்தம் நாள் கணக்கில் நீடித்ததாகவும் பின்னால் விவரித்தார்.

திரும்பி வந்ததும் நெருங்கிய இரண்டு பேரிடம் மட்டும் சொன்னார். சில வாரங்களில் குழு முழுவதற்கும் அறிவித்தார். "என் தேடல் முடிந்துவிட்டது. இனி எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. உங்களுக்குக் காட்டுவதற்கு மட்டும்தான் இருக்கிறேன்."

கவனித்தவை

முதலில் தெரிந்தவை நல்ல மாற்றங்கள்தான். பதற்றம் குறைந்திருந்தது. முகத்தில் ஒரு தெளிவு. யாராவது குறுக்கே பேசினாலும் சிரித்துக்கொண்டே கேட்டார். இதைப் பார்த்துத்தான் பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை நான் குறை சொல்லமாட்டேன்.

அப்புறம் நடந்தவை மெல்ல மெல்ல நடந்தன. நாங்கள் எப்போதும் வட்டமாக உட்காருவோம். ஒரு மாலை போனபோது விரிப்புகள் வரிசை வரிசையாகப் போடப்பட்டிருந்தன. எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி. முன்னால் அவருக்கு மட்டும் சற்று உயரமான இருக்கை. யார் மாற்றியது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை, எல்லோருக்கும் அது இயல்பாகத் தோன்றியிருந்தது. 'அண்ணா' என்று கூப்பிட்டவர்கள் 'ஐயா' என்றார்கள். வாசிப்பு நின்றுபோனது. அந்த நேரத்தை அவருடைய பேச்சு எடுத்துக்கொண்டது.

ஒரு கூட்டத்தில் அக்கா கேட்டார். "உங்களுக்கு இப்போதெல்லாம் கோபமே வருவதில்லையா?"

"கோபம் வருகிறது. ஆனால் யாருக்கும் வருவதில்லை. இங்கே ஆள் இல்லை" என்றார் மூத்தவர்.

"அப்போ நேற்று போனில் என்னிடம் கத்தியது யார்?"

அவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு, "இந்தக் கேள்வி உங்கள் அகங்காரத்திலிருந்து வருகிறது. அது கரையும்போது பதில் தெரியும்" என்றார். வரிசையில் பலர் தலையாட்டினார்கள்.

எனக்கு இந்தப் பேச்சுதான் முதல் எச்சரிக்கை. அவர் கோபப்பட்டது பெரிய விஷயமில்லை, மனிதர் என்றால் கோபப்படுவார். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. கேட்டவரின் மனநிலை பற்றிய தீர்ப்புதான் வந்தது. இந்த ஏற்பாட்டில் ஒப்புக்கொண்டால் அது அவருடைய ஞானத்துக்குச் சாட்சி, மறுத்தால் அது நம்முடைய அறியாமைக்குச் சாட்சி. எது நடந்தாலும் அவர் தவறாக இருக்கவே முடியாது. அப்படியொரு நிலையில் உட்கார்ந்திருப்பது யாருக்கும் ஆபத்து, உட்கார்ந்திருப்பவருக்கும் சேர்த்துத்தான்.

குழு இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் அவரிடம் தனியாகப் பேச நேரம் கேட்டுக் காத்திருந்தவர்கள். இன்னொரு பக்கம், "சுத்தப் பித்தலாட்டம்" என்று சொல்லிவிட்டு வருவதையே நிறுத்தியவர்கள். "இங்கே எல்லாரும் படித்தவர்கள், யாரும் ஏமாறமாட்டார்கள்" என்று கவலையே இல்லாமல் சொன்னவர்களும் உண்டு. படிப்பு இந்த விஷயத்தில் காப்பாற்றுவதில்லை. இமயமலையில் இறுதி விடுதலை அடைந்ததாகச் சொல்லிக்கொண்ட ஷோகோ அசஹாராவின் ஓம் ஷின்ரிக்யோ என்ற ஜப்பானிய மதக்குழு, 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயில்களில் சாரின் நச்சு வாயுவை வெளியேற்றியது. ரயில் பெட்டிகளுக்குள் அதைச் செய்தவர்களில் இதய அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவர் இருந்தார், இயற்பியல் படித்தவர்கள் இருந்தார்கள். எங்கள் மூத்தவரை அதனோடு ஒப்பிடவில்லை. படித்தவர்கள் என்ற தைரியத்தில் கண்ணை மூடிக்கொள்ளக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

முதல் முடிவு: உண்மையா பொய்யா என்று விசாரிப்பதில்லை

ஒருங்கிணைப்பாளர்கள் மூவரும் உட்கார்ந்து பேசினோம். நம்பியவர்களும் சரி, கேலி செய்தவர்களும் சரி, ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்: இவருக்கு உண்மையிலேயே ஞானம் வந்ததா? அந்தக் கேள்விக்கு வெளியிலிருந்து பதில் சொல்ல வழியில்லை. இன்னொருவரின் உள்ளனுபவத்தை எட்டிப் பார்க்க நம்மிடம் ஜன்னல் கிடையாது.

ஆனால் அவருடைய அறிவிப்பில் ஒன்றல்ல, மூன்று விஷயங்கள் கலந்திருந்தன. ஏதோ ஒன்று நடந்தது என்பது முதலாவது. அதை நாங்கள் சந்தேகிக்கவில்லை. நடந்ததற்கு 'இறுதி ஞானம்' என்று அவர் பெயர் வைத்தது இரண்டாவது. அது விளக்கம்தான், விளக்கம் தவறலாம். மற்றவர்களுடைய வாழ்க்கையில் வழி சொல்லும் உரிமை தனக்கு வந்துவிட்டது என்பது மூன்றாவது. முதலாவது உண்மையாகவே இருந்தாலும் மூன்றாவது அதிலிருந்து தானாக வந்துவிடாது. எங்கள் சந்தேகத்தை இந்த மூன்றாவதன்மேல் வைப்பது என்று முடிவெடுத்தோம்.

இரண்டாவதைப் பற்றி யோசிக்க எங்களுக்கு உதவியவை, வேடிக்கை என்னவென்றால், பகுத்தறிவு நூல்களைவிடத் தியான மரபின் நூல்கள்தான். 5ஆம் நூற்றாண்டில் பௌத்தத் துறவி புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற நூல், தியானத்தில் முன்னேறுகிறவருக்கு வரும் பத்து இடறல்களைப் பட்டியலிடுகிறது. முதலில் நிற்பது ஒளி. அப்புறம் பரவசம், அமைதி, இன்பம் எல்லாம் வரிசையில் உண்டு. இவை வந்ததும் இலக்கை அடைந்துவிட்டோம் என்று நினைத்து ஆள் அங்கேயே நின்றுவிடுகிறார் என்கிறது அந்த நூல்.

அதே நூலில் மகாநாகர் என்ற முதிய துறவியின் கதை இருக்கிறது. 60 ஆண்டுகளாகத் தன்னை அரகந்தர், அதாவது முழு விடுதலை அடைந்தவர், என்றே நம்பியிருந்தவர். அவரிடம் படித்துத் தேறிய தம்மதின்னருக்குச் சந்தேகம் வருகிறது. போய் வணங்கி, மரியாதையாகக் கேள்விகள் கேட்கிறார். பிறகு, உங்கள் தியான ஆற்றலால் ஒரு வெள்ளை யானையை உண்டாக்குங்கள், அது தும்பிக்கையை வாய்க்குள் வைத்துக்கொண்டு பிளிறியபடி உங்களை நோக்கி ஓடிவரட்டும் என்கிறார். முதியவர் அப்படியே செய்கிறார். யானை பாய்ந்து வருவதைப் பார்த்ததும் தானே உண்டாக்கியது என்பதையும் மறந்து எழுந்து ஓடப் பார்க்கிறார். மாணவர் அவருடைய ஆடையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, அரகந்தருக்கு அச்சம் உண்டா என்று கேட்கிறார். முதியவர் அந்த இடத்திலேயே தன் நிலையை உணர்ந்து, மாணவரிடமே வழி கேட்கிறார்.

இந்தக் கதையை நான் பலமுறை நினைத்துக்கொள்வேன். அந்தத் துறவி பொய் சொல்லவில்லை, நல்லவர், 60 ஆண்டுகள் அமைதியாகவே வாழ்ந்தார். இருந்தும் அவருடைய முடிவு தவறு. அதைக் கண்டுபிடிக்க இன்னொரு ஆள் தேவைப்பட்டது. மாணவர் கேட்டபோது, அது உன் அகங்காரத்தின் கேள்வி என்று அவர் சொல்லிவிடவில்லை.

பௌத்தத் துறவிகளின் விதிநூலான விநயம் இன்னும் கண்டிப்பானது. பஞ்ச காலத்தில் வக்குமுதா ஆற்றங்கரையில் தங்கிய துறவிகள் சிலர், ஒருவருக்கொருவர் பெரிய நிலைகளை அடைந்தவர்கள் என்று இல்லறத்தாரிடம் புகழ்ந்துகொண்டு நன்றாகச் சாப்பிட்டார்களாம். அதிலிருந்து பிறந்தது ஒரு விதி: அடையாத நிலையை அடைந்ததாகத் தெரிந்தே சொல்லும் துறவி சங்கத்திலிருந்து நீக்கப்படுவார். கொலைக்கு உள்ள அதே தண்டனை. தன்னைப் பற்றித் தவறாக மதிப்பிட்டு நேர்மையாகச் சொன்னவருக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் உண்மையாகவே அடைந்திருந்தாலும் துறவி அல்லாதவரிடம் அதைச் சொல்வது குற்றம்தான், சிறிய குற்றம். இவ்வளவு நுணுக்கமாக விதி செய்தவர்கள் இந்தப் பிரச்சினையை நேரில் நிறையப் பார்த்திருக்க வேண்டும். தமிழிலும் வேடத்தைப் பார்த்து மயங்காதே என்பதற்குத் திருக்குறளில் 'கூடாவொழுக்கம்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஞானியைச் சந்தேகிப்பது ஆன்மிகத்துக்கு விரோதம் என்று சொல்பவர்களுக்கு இந்த மரபு தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இன்றைய ஆய்வுகளும் இந்தப் பக்கமே கை காட்டுகின்றன. பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், தியானம் செய்பவர்கள் 60 பேரிடம் விரிவாகப் பேசியிருந்தார்கள். ஒளி தெரிவது, தூக்கம் குறைவது, 'நான்' என்ற உணர்வு மாறுவது, சிலருக்குப் பிரமை போன்ற நம்பிக்கைகள் எழுவது வரை அதில் பதிவாகியிருக்கின்றன. 2018இல் ஜெர்மனியில் யோகா மாணவர்கள் 93 பேரை 15 வாரங்கள் கவனித்த ஓர் ஆய்வில், பயிற்சி முடிந்த கையோடு அவர்கள் தங்களை மற்றவர்களைவிட உயர்வாக மதிப்பிடுவது கூடியிருந்தது. அகங்காரத்தைக் கரைக்கும் என்று செய்கிற பயிற்சியே அதை வளர்க்கவும் கூடும்.

இவற்றை வைத்துக்கொண்டு மூத்தவரிடம் தனியாகப் பேசினோம். மூன்று கோரிக்கைகள். மறுபடி வட்டமாக உட்காருவோம். மருந்து, மணவாழ்க்கை, பணம் பற்றி யாருக்கும் தனியாக ஆலோசனை சொல்ல வேண்டாம். அவரே மதிக்கும் அனுபவமுள்ள ஓர் ஆசிரியரிடம் போய் நடந்ததைச் சொல்லி ஒருமுறை பேசிவிட்டு வரட்டும். முதல் இரண்டுக்கும் சரி என்றார். மூன்றாவதைக் கேட்டதும் முகம் மாறியது. "சூரியன் யாரிடம் போய்ச் சான்றிதழ் வாங்கும்?" என்றார்.

மாத்திரை விஷயம்

வட்டம் திரும்பியது. தனிச் சந்திப்புகள் நிற்கவில்லை, குழுவுக்கு வெளியே போய்விட்டன.

குழுவில் ஓர் இளம்பெண் மனச்சோர்வுக்காகச் சில ஆண்டுகளாக மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். உடல்நிலை நன்றாகவே இருந்தது, வேலைக்குப் போய்வந்தார். ஒரு மாலை தியானம் முடிந்து எழுந்தபோது தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அக்கா பக்கத்தில் உட்காரவைத்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. தலைக்குள் மின்சாரம் அடித்ததுபோல வெட்டி வெட்டி இழுக்கிறது, குமட்டுகிறது, பல நாட்களாகச் சரியாகத் தூங்கவில்லை என்றார்.

"மாத்திரையை விட்டுட்டியாம்மா?" என்று அக்கா மெதுவாகக் கேட்டார்.

மனச்சோர்வு மருந்துகளைப் படிப்படியாகக் குறைக்காமல் சட்டென்று நிறுத்தினால் வரக்கூடிய அறிகுறிகள் இவை. அக்காவுக்கு அது உடனே புரிந்தது. அந்தப் பெண் அழுதுகொண்டே சொன்னார்: "மருந்து என்பது பயம்தான், பயத்தை விடு என்று ஐயா சொன்னார். இப்போது வருவதெல்லாம் பழைய கர்மா வெளியேறுவது என்றும் சொன்னார்."

அன்று என்ன செய்தோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பதிவு செய்கிறேன். இதுபோன்ற சமயங்களில்தான் தடுமாற்றம் வரும். எப்படி இதை நம்பினாய் என்று யாரும் கேட்கவில்லை. அவருடைய சம்மதத்தோடு அவருடைய உடன்பிறந்த சகோதரிக்குப் போன் செய்தோம். உயிரை விடும் எண்ணம் ஏதாவது வருகிறதா என்று அக்கா நேரடியாகவே கேட்டார். இல்லை என்று தெரிந்த பிறகும் இரவு தனியாக விடவில்லை. மறுநாள் காலை அவருடைய மருத்துவரிடமே கூட்டிப்போனோம். அவர் கண்டிக்காமல் மருந்தை மறுபடி தொடங்கினார். நிறுத்த விருப்பமிருந்தால் நிலைமை சீரான பிறகு இருவருமாகத் திட்டமிட்டு மெல்லக் குறைக்கலாம் என்றார். எப்படி நம்பினாய் என்று கேட்காமல் இருந்தது தாட்சண்யத்துக்காக இல்லை. வெட்கப்படவைத்தால் ஆள் மறுபடி மூத்தவரிடமே போய்விடுவார். அங்கே மட்டும்தான் அவருடைய நம்பிக்கைக்கு மரியாதை இருக்கும்.

இரண்டாவது முடிவு: எல்லோர் முன்னிலையில் பேசுவது

இனி தனியாகப் பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. சிறப்புக் கூட்டம் கூட்டினோம். என்ன பேசப்போகிறோம் என்று மூத்தவருக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்தோம். முதுகுக்குப் பின்னால் தீர்ப்பு சொல்வது நியாயமில்லை. பெயரைச் சொல்வதில்லை என்று அந்தப் பெண்ணிடம் உறுதி கொடுத்திருந்தோம்.

கூட்டத்தில் நான் சொன்னது சுருக்கம்தான். உங்களுக்குக் கிடைத்த அனுபவத்தைப் பற்றி எங்களுக்கு எந்தக் கருத்தும் இல்லை. ஆனால் உங்கள் பேச்சைக் கேட்டு ஒருவர் மருந்தை நிறுத்தி நோயுற்றிருக்கிறார். நடந்ததற்கு நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

"நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. உங்கள் பயத்தைத்தான் பார்க்கிறீர்கள்" என்றார்.

அக்கா குறுக்கிட்டார். "இருக்கலாம் தம்பி, எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அந்த ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான். மாத்திரைக்குப் பதில் சொல்லுங்கள்."

நீண்ட நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவர், "அது அவரவர் கர்மா" என்றார்.

அந்தக் கூட்டத்தைத் திருப்பியது எங்கள் வாதம் எதுவும் இல்லை. இந்த ஒரு வாக்கியம்தான். துக்க வீட்டில் முதல் ஆளாக வந்து நின்ற மனிதரை அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அந்த மனிதர் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார். அவரை ஐயா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து, "அண்ணா, மன்னிப்புக் கேளுங்கள்" என்றார். அவர் கேட்கவில்லை. அன்றே வெளியேறினார். கூடவே ஒரு சிறு கூட்டமும் போனது.

பின்விளைவுகள்

அந்தப் பெண் பழைய நிலைக்கு வரச் சில மாதங்கள் ஆயின. இப்போது மருந்தோடு தியானத்துக்கும் வருகிறார்.

வெளியேறியவர்கள் தனியாகக் கூடினார்கள். இடம் ஒன்று ஏற்பாடு செய்வதற்காக ஒருவர் கணிசமான தொகை கொடுத்தார். இடமும் வரவில்லை, பணமும் முழுதாகத் திரும்பவில்லை. ஓராண்டுக்குள் அந்தக் கூட்டம் கலைந்தது. பெரிய சண்டை எதுவும் இல்லை, ஒவ்வொருவராக வருவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களில் இருவர் அவருடைய பேச்சால் தங்களுக்கு நன்மை கிடைத்தது என்று இன்றும் சொல்கிறார்கள். அதை மறுக்க எனக்கு எந்த ஆதாரமும் இல்லை.

மூத்தவருக்கும் அந்த ஓராண்டு நல்லதாக இருக்கவில்லை. பழைய நண்பர்கள் யாரும் அவரிடம் சாதாரணமாகப் பேசவில்லை. ஒன்று வணங்கினார்கள், இல்லையென்றால் ஒதுங்கினார்கள். தம்பி இறந்த துக்கத்தைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவே இல்லை. ஞானியிடம் யார் துக்கம் விசாரிப்பார்கள்? கேட்டது அக்கா மட்டும்தான், அந்தத் தனிக் கூட்டம் கலைந்த பிறகு, போனில். அன்று அவர் வெகுநேரம் அழுதாராம். அந்தப் பெண்ணுக்கு ஒரு கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டிருக்கிறார். முகாமில் நடந்த அனுபவம் உண்மை என்பதில் மட்டும் அவருக்கு மாற்றமில்லை. 'இறுதி' என்ற சொல்லை இப்போது அவர் பயன்படுத்துவதில்லை.

நாங்கள் மாற்றியவை

இருக்கை, பேச்சு நேரம், நடத்துபவர் எல்லாம் சுழற்சியில் வருகின்றன. ஒரே ஆள் தொடர்ந்து இரண்டு கூட்டங்களில் பேசுவதில்லை. பணம் எதுவானாலும் இரண்டு பேர் கையெழுத்து. மருந்தைப் பற்றி மருத்துவர் தவிர யாரும் யாருக்கும் சொல்லக்கூடாது என்பது சேரும்போதே சொல்லப்படுகிறது.

நீண்ட முகாமிலிருந்து திரும்புகிறவருக்கு ஒரு துணையாளை அமர்த்துகிறோம். முதல் சில வாரங்கள் அவர் நன்றாகத் தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா, வேலைக்குப் போகிறாரா என்று அந்தத் துணையாள் கேட்டுக்கொள்வார். துக்கத்திலோ நெருக்கடியிலோ இருப்பவர் நீண்ட முகாமுக்குக் கிளம்பினால், இப்போது வேண்டாமே என்று சொல்லிப் பார்க்கிறோம்.

அதிகம் விவாதித்தது ஒரு விதியைப் பற்றி: தான் அடைந்த நிலையைக் குழுவில் யாரும் அறிவிக்கக்கூடாது. ஆழ்ந்த அனுபவம் வந்தவர் பேச இடமில்லாமல் தவிப்பாரே என்று சிலர் எதிர்த்தார்கள். நியாயமான கவலைதான். வெளியே சொல்ல முடியாத அனுபவம் ஒருவரை இன்னும் தனிமைப்படுத்தும். கடைசியில், அனுபவத்தை இரண்டு மூத்த உறுப்பினர்களிடம் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம், அவர்கள் கேள்வி கேட்க உரிமை உண்டு, கேள்விக்குக் கேள்வியின் தளத்திலேயே பதில் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். இந்த ஏற்பாட்டை இதுவரை ஒருவர் பயன்படுத்தியிருக்கிறார். தனக்கு வந்தது என்னவென்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, மறுவாரம் வழக்கம்போல வட்டத்தில் வந்து உட்கார்ந்தார்.